ஸ்டோரில் பாதுகாப்பு விதி எழுதியபோது

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்கிறேன். போன வருடம் கொழுந்தை உருட்டும் ரோலர் அறையில் ஒரு அண்ணனின் இரண்டு விரல்கள் பெல்ட்டில் மாட்டி நசுங்கிவிட்டன. விதி எழுதி எல்லாருக்கும் பயிற்சியும் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். சுழலும் தண்டு, பெல்ட் எல்லாவற்றுக்கும் மறைப்பு வேண்டும், விபத்தில் ஒருவர் மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். பதினெட்டு விதி எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரு மாதம் கழித்து இரவு வேலை நேரத்தில் போய்ப் பார்த்தால், அதே பெல்ட் மறைப்பு கழன்று மூலையில் சாய்ந்து கிடக்கிறது! கோபமாகத்தான் கேட்டேன். "தம்பி, கிரீஸ் போட நாலு நட்டையும் கழட்டணும், ஸ்பேனர் பெட்டி ராத்திரில பூட்டிக் கிடக்கும், ஒருக்கா கழட்டினா திரும்ப எங்க மாட்டுறது" என்றார் ஒரு பெரியவர்.

சரி, அவரையே கூப்பிட்டு உட்கார்ந்தோம். கிரீஸ் போடும் இடத்திலிருந்து சின்னக் குழாய் ஒன்றை மறைப்புக்கு வெளியே இழுத்தோம், இப்போது கழற்றவே தேவையில்லை. மிஷினைக் கழுவும் நேரத்தில் மெயின் சுவிட்சுக்குப் பூட்டு, சாவி கழுவுகிறவரின் சட்டைப்பையில். பதினெட்டு விதி ஆறாகியது, அதுவும் அவர்கள் பேசுகிற பேச்சிலேயே.

பயிற்சியை ஷிப்ட் மாறும்போது கால் மணி நேரம் மிஷின் பக்கத்திலேயே வைத்தோம். நீளக் கம்பின் நுனியில் பழைய சாக்கைக் கட்டிப் பெல்ட்டருகே நீட்டினேன், கண் இமைக்குமுன் சாக்கு உள்ளே போய்விட்டது. யாரும் பேசவில்லை. அப்புறம் அந்த அண்ணன் தானாக முன்னால் வந்து கையைக் காட்டினார்.

நட்டஈடு பற்றியும் சொன்னேன். வேலைக்கு வரும் வழியில், போகும் வழியில் நடக்கும் விபத்தையும் நட்டஈட்டுச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் சேர்த்திருப்பது பலருக்குத் தெரியவே இல்லை. எல்லாருக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

"எங்களுக்குக் குளவி கொட்டினா என்ன விதி தம்பி?" என்று கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் கேட்டார். தொழிற்சாலைச் சட்டம் கொழுந்து எடுக்கும் மலைக்குப் போகாது. அதனால் இப்போது காலையில், வேலைக்குப் போகுமுன் எல்லாரும் கூடும் பெரட்டுக்களத்துக்கும் போகிறேன், எந்த மரத்தில் கூடு என்று கேட்டு எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தது இரண்டு, அவர்கள் முதல் நாளே ஏழு சொன்னார்கள்.