மைனஸ் 20ல ஏடிவி ஸ்டார்ட் பண்றது: இந்தக் குளிர்ல ஒவ்வொண்ணா செஞ்சு பார்த்தது

என் ஏடிவி (மேடு பள்ளம், பனினு எங்கயும் ஓடற நாலு சக்கர வண்டி) 400 சிசி, சிங்கிள் சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், கார்புரேட்டர் மாடல், ஏர் கூலிங்கோட ஒரு சின்ன ஆயில் கூலரும் உண்டு, இஞ்சினுக்கும் க்ளட்ச்சுக்கும் ஒரே ஆயில்தான். மைனஸ் 5 வரைக்கும் எந்தத் தொந்தரவும் இல்ல, சோக்க இழுத்துட்டு செல்ஃப் அடிச்சா பிடிச்சிடும். மைனஸ் 15 தாண்டுனா போச்சு, செல்ஃப் மோட்டார் முக்கி முக்கி ஒரு சுத்து சுத்தும், அப்புறம் கம்ப்ரஷன்ல முட்டி நிக்கும், இன்னொரு சுத்து, நாலஞ்சு தடவை அழுத்துனா பேட்டரி இறங்கிடும். யார்கிட்ட கேட்டாலும் பேட்டரிய மாத்துனுதான் முதல் பதில் வருது. எனக்கு அதுல முழு நம்பிக்கை வரல, இதே பேட்டரி வெயில் வந்தா பட்டுனு எடுக்குது, அப்போ குளிர்ல எங்க எவ்ளோ போகுதுனு அளந்து பார்த்துட்டு மாத்தலாம்னு மல்டிமீட்டர எடுத்தேன்.

ராத்திரி பூரா வெளிய நின்ன வண்டி, காலைல மைனஸ் 20 கிட்ட. சாவி போடாம பேட்டரில 12.7 வோல்ட் இருந்துச்சு, அதாவது சார்ஜ் ஃபுல். செல்ஃப் அழுத்திப் பிடிச்சா 9.1க்கு விழுது. இதே வண்டி கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கறப்போ 10.8ல நிக்கும். 9.6க்குக் கீழ போச்சுன்னாலே கவலைப்படணும், அதுவும் டிசி சிடிஐ (பேட்டரி கரண்ட்லயே ப்ளக்குக்குப் பொறி குடுக்கற பெட்டி) இருக்கற வண்டினா வோல்டேஜ் விழும்போது ப்ளக்ல பொறியும் வலு குறையும், செல்ஃபும் சுத்தல பொறியும் பத்தலனு ரெண்டும் சேர்ந்துதான் படுத்துது. லெட் ஆசிட் பேட்டரி (ஆசிட்ட கண்ணாடி நார் விரிப்புல ஊற வெச்ச ஏஜிஎம்மும் அதே ஜாதிதான்) மைனஸ் 18ல அறை வெப்பத்துல குடுக்கறதுல ஏறக்குறைய பாதிதான் குடுக்கும். பேட்டரி மேல போட்டிருக்கற சிசிஏ (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ், குளிர்ல செல்ஃபுக்குக் குடுக்கற ஆம்பியர்) நம்பர் இந்த மைனஸ் 18ல அளக்கறதுதான், 30 செகண்ட் அவ்ளோ ஆம்பியர் இழுத்தாலும் 7.2 வோல்ட்டுக்குக் கீழ போகாம நிக்கணும்னு கணக்கு. அதனால ஆம்பியர் ஹவர மட்டும் பார்த்து பேட்டரி வாங்காதீங்க, குளிருக்கு சிசிஏ தான் பேசும்.

அடுத்து செஞ்ச ஒரு சோதனைதான் எனக்கு எல்லாத்தையும் தெளிவாக்குச்சு. பேட்டரிய மட்டும் கழட்டி ராத்திரி உள்ள வெச்சு, காலைல அந்த வெதுவெதுப்பான பேட்டரிய குளிர்ல உறைஞ்சு நிக்கற இஞ்சின்ல மாட்டிப் பார்த்தேன். வோல்டேஜ் 9.8க்கு வந்துச்சு, நல்ல முன்னேற்றம், ஆனா சுத்தற வேகம் பெருசா மாறல, அதே முக்கல்தான். பேட்டரி நல்லா இருந்தும் சுத்தலன்னா அது எதையோ எதிர்த்துத் தள்ளிட்டு இருக்குனு அர்த்தம், இஞ்சினுக்குள்ள அப்படி எதிர்க்கறது ஆயில்தான். இதுக்கப்புறம் நான் எத பண்ணாலும் ஒரே கேள்வியதான் வெச்சுகிட்டேன்: இது கிராங்க் சுத்தற வேகத்தக் கூட்டுமா, இல்ல அந்த வேகத்துக்குள்ளயே இஞ்சின் பிடிக்க உதவுமா.

ஆயில் 10டபிள்யூ-40 இருந்துச்சு. டபிள்யூக்கு முன்னாடி இருக்கற நம்பர் குளிர் ஸ்டார்ட்டுக்கானது. எஸ்ஏஇ ஜே300ங்கற ஆயில் தரக் கணக்குப்படி 10டபிள்யூவ மைனஸ் 25லயும், 5டபிள்யூவ மைனஸ் 30லயும், 0டபிள்யூவ மைனஸ் 35லயும் டெஸ்ட் பண்றாங்க, அந்தந்த குளிர்ல இவ்ளோ கெட்டிக்கு மேல போகக்கூடாதுனு ஒரு எல்லை. அப்போ 10டபிள்யூ மைனஸ் 20க்கு பாஸ்தானேனு கேக்கலாம். பாஸ்தான், ஆனா எல்லைக்குப் பக்கத்துல நின்னு பாஸ். காருக்கு இருக்கற பெரிய பேட்டரியும் ஸ்டார்டரும் அத சமாளிச்சிடும், ஏடிவில இருக்கற 14 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு அது பெரிய சுமை. இந்தக் குளிர்ல ஒவ்வொரு 5 டிகிரி இறங்கும்போதும் ஆயிலோட கெட்டி கிட்டத்தட்ட டபுள் ஆகும், அதனால மைனஸ் 20ல 10டபிள்யூக்கும் 0டபிள்யூக்கும் மூணு நாலு மடங்கு வித்தியாசம் வரலாம். கண்ணால பார்க்கணும்னு ரெண்டு சின்ன கண்ணாடி பாட்டில்ல ஒவ்வொண்ணா ஊத்தி ராத்திரி வெளிய வெச்சேன். காலைல சாய்ச்சுப் பார்த்தா பழைய ஆயில் வெல்லப்பாகு மாதிரி நகருது, 0டபிள்யூ-40 பாட்டில சாய்ச்ச உடனே இறங்கி வருது.

0டபிள்யூ-40க்கு மாத்தும்போது ஒரு விஷயம் முக்கியம், ஒரே ஆயில்ல க்ளட்ச் முங்கி இருக்கற வண்டிக்கு டப்பால ஜாசோ எம்ஏ (இல்ல எம்ஏ2)னு போட்டிருக்கணும், ஆயில்ல முங்கற க்ளட்ச்சுக்கு ஒத்துக்கும்ங்கற ஜப்பான் தரக் குறி அது. கார் ஆயில்ல 0டபிள்யூ நிறைய கிடைக்கும், ஆனா மைலேஜுக்காக உரசல் குறைக்கற சரக்கு சேர்த்தது உள்ள போனா க்ளட்ச் ஸ்லிப் ஆகும். பெல்ட் டிரைவ் வண்டி சிலதுல க்ளட்ச் இந்த ஆயில்ல முங்காம தனியா இருக்கும், அங்க இந்தப் பிரச்சினை இல்ல, ஆனா எல்லாம் அப்படி இல்ல, மேனுவல பார்த்துக்கோங்க. ஆயில் மாத்துன மறுநாள் அதே குளிர்ல அழுத்துனப்போ சத்தமே வேற, முக்கல் போயி தொடர்ச்சியா சுத்துச்சு. உள்ள வெக்காத பேட்டரிலயே 9.9. பேட்டரிய சூடு பண்ணிக் கிடைச்சத விட ஆயில மாத்திக் கிடைச்சது அதிகம், இத நான் எதிர்பார்க்கல.

அடுத்து வயரிங். இதுக்குக் காசே ஆகாது, அதனாலயே யாரும் பண்றதில்ல போல. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி மைனஸ் டெர்மினல்ல, இன்னொண்ண இஞ்சின் கேஸ்ல வெச்சு செல்ஃப் அழுத்தணும், வர்ற வோல்ட் எர்த் வயர்லயே வீணாப் போறது. எனக்கு 0.6 வந்துச்சு. எர்த் வயர் ஃபிரேம்ல பிடிக்கற எடத்துல பெயின்ட்டும் பச்சைக் களிம்பும், கழட்டி உப்புத்தாள் போட்டு பளபளனு தேச்சு, மாட்டிட்டு மேல க்ரீஸ் தடவுனேன். இப்போ 0.15. ப்ளஸ் பக்கம் ரிலே வழியா ஸ்டார்டர் வரைக்கும் அதே மாதிரி பார்த்தேன், அங்க பெருசா ஒண்ணும் இல்ல. ஸ்டார்டருக்கு கிட்டத்தட்ட அரை வோல்ட் சும்மா கிடைச்சுது.

இதோட வேகம் வந்துடுச்சு. ஆனாலும் பிடிக்க நேரம் எடுத்துச்சு, அதனால வால்வு இடைவெளிய பார்க்க டேப்பட் கவர கழட்டுனேன். இஞ்சின் முழுசா ஆறி இருக்கும்போதுதான் அளக்கணும், பிஸ்டன் கம்ப்ரஷன் டாப்ல இருக்கணும். இன்டேக்ல ஒரு வால்வுக்கு மேனுவல்ல சொன்ன அளவு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிசான தகடு) உள்ளயே போகல, மெல்லிசு போட்டுதான் கொஞ்சம் நுழைஞ்சுது. வால்வு இறுகி இருந்தா முழுசா மூடாது, காத்து கசியும். வேகமா சுத்தும்போது கசியறதுக்கு நேரம் இருக்காது, அதனால வெயில்ல தெரியவே தெரியாது. குளிர்ல மெதுவா சுத்தும்போது அதே ஓட்டைல கம்ப்ரஷன் நல்லா இறங்கிடும், காத்த அமுக்கி வர்ற சூடுதான் பெட்ரோல ஆவியாக்கணும், அது பத்தாது. குளிர்ல மட்டும் படுத்தற வண்டி யாராவது வெச்சிருந்தா பேட்டரிக்கு முன்னாடி டேப்பட்ட பாருங்கனு கைய பிடிச்சு சொல்லத் தோணுது.

இப்போ சோக். நிறைய ஏடிவி கார்புரேட்டர்ல இருக்கறது காத்த அடைக்கற தகடு இல்ல, பெட்ரோல் கூடுதலா வர்றதுக்கு ஒரு தனி வழி. த்ராட்டில் மூடி இருந்தாதான் அந்த வழில உறிஞ்சல் கிடைக்கும். செல்ஃப் அடிக்கும்போது கட்டை விரலால த்ராட்டில அமுக்குனா உறிஞ்சல் போயிடும், சோக் இழுத்தும் இழுக்காத மாதிரிதான். அதனால சோக் முழுசா, த்ராட்டில் தொடவே கூடாது, 5 செகண்ட் அழுத்தி, அரை நிமிஷம் விட்டு, திரும்ப. அந்த அரை நிமிஷம் பேட்டரி மூச்சு வாங்கவும் ஸ்டார்டர் ஆறவும். பிடிச்சதும் உடனே ரெவ் பண்ண வேண்டாம், ஆயில் மேல ஏறட்டும், ஒரு நிமிஷம் ஆச்சுன்னா சோக் பாதி, அப்புறம் மெதுவா முழுசா உள்ள. ஃபியூல் இன்ஜெக்ஷன் வண்டிக்கு இந்த வேலையெல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்கும், சாவி போட்டு பம்ப் சத்தம் நிக்கற வரைக்கும் காத்திருந்து, இன்னொரு தடவை சாவி போட்டு எடுத்து அப்புறம் அழுத்துங்க, ஆனா அதுக்கு வோல்டேஜ் கார்புரேட்டர் வண்டிய விட முக்கியம்.

பெட்ரோலும் பழசா இருக்கக்கூடாது. குளிர்காலத்துக்குனு வர்ற பெட்ரோல்ல சீக்கிரம் ஆவியாகற பாகம் அதிகம், கோடைல போட்டு அப்படியே டேங்க்ல கிடக்கறதுல அந்த பாகம் முதல்லயே குறைவு, நாளாக நாளாக இன்னும் பறந்துடும். கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்கற ஃப்ளோட் பவுல் அடில இருக்கற ஸ்க்ரூவ தளர்த்தி கொஞ்சம் வடிச்சுப் பார்த்தேன், அடில துளித் துளியா தண்ணி. அது உறைஞ்சா மெதுவா ஓடும்போது பெட்ரோல் விடற பைலட் ஜெட்டோட மயிரிழை ஓட்டைய அடைக்க ஒரு துகள் போதும். ஸ்டார்டிங் ஸ்ப்ரே அடிக்கலாமேனு கேட்டாங்க, ஈதர் ரொம்ப சீக்கிரம் பத்திக்கும், பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாடியே வெடிச்சு எதிர்ப்பக்கம் அடிக்கும், சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலயும் கழுவிடும். எனக்கு வேண்டாம்.

மைனஸ் 25க்கு அந்தப்பக்கம் போனா இதெல்லாம் சேர்ந்தும் கஷ்டம்தான், அங்க சூடு ஒண்ணுதான் வழி. காந்தத்துல ஒட்டற ஆயில் பான் ஹீட்டர் ஏடிவில ஒட்டாது, கிராங்க் கேஸ் அலுமினியம். ஒட்டு போட்டு ஒட்டற சிலிக்கோன் பேட் ஹீட்டர அடில சுத்தமா துடைச்சு ஒட்டுனேன், கிளம்பறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்ன பிளக்ல சொருகி மேல ஒரு கனமான போர்வை. கேஸ்ல கை வெச்சா குளிர் தெரியாத அளவுக்கு வந்தாலே போதும், சோக் பாதிலயே பிடிக்குது. போர்வைய எடுத்துட்டுதான் ஸ்டார்ட் பண்ணணும், வண்டிய வெளிய தள்ளிட்டுதான் ஓட விடணும், மூடுன ஷெட்ல கார்பன் மோனாக்சைடு வாசமே இல்லாம ஆள சாய்ச்சிடும். அடில நெருப்பு மூட்டி சூடு பண்ற வீடியோவெல்லாம் பார்த்தேன், பக்கத்துலயே பெட்ரோல் இருக்கு, தயவு செஞ்சு வேண்டாம்.

பேட்டரிய ஓட்டாத நாள்ல சார்ஜ் இறங்காம பார்த்துக்கற மெயின்டெய்னர் சார்ஜர்லயே விடறேன். ஃபுல் சார்ஜ்ல இருக்கற பேட்டரி மைனஸ் 50லயும் உறையாது, காலியா கிடந்தா மைனஸ் 10 கிட்டவே உறைஞ்சிடும், உறைஞ்சத சார்ஜ் போட்டா வெடிக்கலாம். லித்தியம் (எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்) மாத்தலாமானு யோசிச்சேன், எடை குறைவுதான், ஆனா பூஜ்யத்துக்குக் கீழ சார்ஜ் ஏத்தக்கூடாது, குளிர்ல ஹெட்லைட்ட ரெண்டு நிமிஷம் எரிய விட்டு உள்ள சூடு வர வெச்சுதான் செல்ஃப் அடிக்கணும். என்னோட குளிருக்கு ஏஜிஎம்லயே இருக்கேன்.

ஸ்டார்ட் ஆனாலும் வண்டி நகரணுமே. ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்துனா ஈரம் உறைஞ்சு பிடிச்சுக்கும், அதனால கியர்ல விட்டு, டயர் தரைல ஒட்டாம பலகை மேல நிறுத்தறேன். டயர் காத்த மறந்துடாதீங்க, ஏடிவிக்கு 5 பிஎஸ்ஐ தான், உள்ள 10 டிகிரில 5 வெச்சு மைனஸ் 20ல எடுத்தா 3 கிட்ட வந்துடும், கார் டயர்ல ரெண்டு குறைஞ்சா தெரியாது, இதுல ஸ்டியரிங்கே கனக்கும்.

இன்னும் பாக்கி இருக்கறது பிரீதர் ஹோஸ், இஞ்சினுக்குள்ள சேர்ற காத்து வெளிய போற குழாய். கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டி நிறுத்துனா இஞ்சினுக்குள்ள ஈரம் தங்கி ஆயில் மூடில வெள்ளையா க்ரீம் சேருது, அதே ஈரம் பிரீதர் ஹோஸ்ல உறைஞ்சு அடைச்சா உள்ள பிரஷர் ஏறி ஆயில் சீல தள்ளிடும். இப்போதைக்கு இஞ்சின் நல்லா சூடாகற வரைக்கும் ஓட்டாம திரும்பறதில்ல, ஹோஸ தண்ணி தேங்காத மாதிரி சரிவா திருப்பி சிலிண்டர் பக்கமா கொண்டு போக முடியுமானு வர்ற வாரம் சீட்ட கழட்டிப் பார்க்கணும்.