தொப்பிய கழட்டிப் பாரு
நேத்து ராம்நாடு அரண்மனைக்கு அப்பத்தாவ கூட்டிட்டுப் போயிருந்தேன், ராமலிங்க விலாசம் சுவர்ல சேதுபதி ராஜா வெள்ளக்காரங்கள சந்திக்கிற ஓவியம் இருக்குல்ல, அத ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு "ஏய்யா, இவனுக வீட்டுப் பொம்பளைகள கூட்டியாரலையாக்கும்?"னுச்சு. சிரிச்சிட்டேன், ஆனா கேள்வி சரிதான்.

வடக்க முகலாய ஓவியத்துல வெள்ளக்காரிங்க நிறையவே உண்டு. 1580ல ஃபதேபூர் சிக்ரி வந்த ஏசு சபை பாதிரிங்க படம் போட்ட பைபிள அக்பருக்குக் குடுத்தாங்க, அப்புறம் கேசு தாஸ், பசாவன் மாதிரி ஓவியருங்க ஐரோப்பிய அச்சுப் படங்களப் பாத்துப் பாத்தே மாதா, தேவதைன்னு வரைஞ்சு தள்ளிட்டாங்க. நேர்ல ஐரோப்பியப் பொம்பளயப் பாக்குற வாய்ப்பு அவங்களுக்கு ரொம்பக் கம்மி (இதத்தான் நான் ரொம்ப ரசிப்பேன்). அதான் பிற்பாடு வந்த சில படங்கள்ல தொப்பியும் கவுனும் மட்டும் அங்கத்தது, நீளக் கண்ணு, பக்கவாட்டு மூஞ்சி எல்லாம் அச்சு அசல் நம்மூரு! கைல ஒயின் கிண்ணம் வேற.

போன்ல ஒண்ணு காட்டினேன். அப்பத்தா கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு, "தொப்பிய கழட்டுனா நம்ம மீன்காரக்கா மாதிரில்ல இருக்கா"ங்குது.