யுஎஸ்பி டிஏசியில் ‘டிக்’, ‘பட்’ சத்தம் வந்தால்

சத்தம் எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள். பாட்டின் தொடக்கத்தில் மட்டும் ‘பட்’ என்றால் டிஏசி (டிஜிட்டல் ஒலியை ஹெட்ஃபோனுக்கேற்ற மின்சிக்னலாக மாற்றும் கருவி) தூக்கத்திலிருந்து விழிக்கிறது, அல்லது அதன் சாம்பிள் வேகம் (விநாடிக்கு எத்தனை ஒலி அளவீடு என்பது) 44.1 கிலோஹெர்ட்ஸிலிருந்து 48-க்கு மாறுகிறது. இதற்குக் கேபிளை மாற்றிப் பயனில்லை. தூக்கம்தான் காரணமென்றால், லினக்ஸில் ஒலிச் சாதனங்களை நிர்வகிக்கும் வயர்பிளம்பரின் சஸ்பெண்ட் நேரத்தை 0 ஆக்குங்கள், 0 என்றால் தூங்கவே வைக்காது.

நடுநடுவே தாறுமாறாக ‘டிக் டிக்’ என்றால் பெரும்பாலும் பஃபர் (ஒலியை முன்கூட்டியே சேர்த்துவைக்கும் இடம்) காலியாகிறது. 44.1-இல் 256 சாம்பிள் என்பது வெறும் 5.8 மில்லிவிநாடி, அதற்குள் வைஃபை டிரைவர் பிராசசரைப் பிடித்துக்கொண்டால் ஒலி அறுபடும். பாட்டு கேட்க மட்டும்தானே, பஃபரைத் தாராளமாக 2048 சாம்பிள் வையுங்கள். விண்டோஸில் லேட்டன்சிமான் என்ற மென்பொருள் எந்த டிரைவர் தாமதிக்கிறது என்று காட்டிவிடும்.

யுஎஸ்பி ஆடியோவில் கெட்டுப்போன பாக்கெட் (தரவுத் துண்டு) மறுபடி அனுப்பப்படாது, அதனாலும் ‘டிக்’ வரலாம். ஹப்பை விட்டுவிட்டு நேராக மதர்போர்டு போர்ட்டில் செருகிப் பாருங்கள்.