சமயபுரத்தாளிடம் தீர்த்த கடன்

என் வீட்டுக்காரர் போய் வருஷம் திரும்பியதும் அத்தை முதலில் கேட்டது, "சமயபுரத்துக்கு எப்போ போறோம்?" என்றுதான். ஈரல் கெட்டு அவர் படுத்திருந்தபோது, மகன் எழுந்து நடந்தால் வயிற்றில் மாவிளக்கு போடுவதாக வேண்டியிருந்தார் அத்தை. மகன்தான் எழவே இல்லையே, அப்புறம் என்ன நேர்த்திக்கடன்? எனக்கு சமயபுரம் மாரியாத்தா மேல் அவ்வளவு கோபம். வீட்டில் படத்துக்குப் பூ வைப்பதைக்கூட விட்டிருந்தேன்.

"அவ கொடுத்தாத்தான் நாம கொடுக்கணுமா?" என்றார் அத்தை. சரி, கிளம்பினோம்.

பங்குனி மாதம், ஞாயிற்றுக்கிழமை வேறு. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலேயே மஞ்சள் புடவைக் கூட்டம். கோயில் பக்கத்தில் ஒருவன், "ஐந்நூறு கொடுங்கம்மா, நேரா சன்னதியில விடுறேன்" என்று ஒட்டிக்கொண்டே வந்தான். வேண்டாம் என்றதும் முணுமுணுத்துவிட்டு அடுத்த குடும்பத்தைப் பிடித்தான். நொந்து வருகிறவர்களிடம் பிடுங்கும் இவர்களை அவள்தான் கேட்க வேண்டும்.

ஓரமாக இடம் பார்த்து அத்தை படுத்தார். ஈரத்துணி விரித்து, இலை வைத்து, மாவைக் குழித்து நெய் ஊற்றித் திரியை நான்தான் ஏற்றினேன். மூச்சு விட விட விளக்கும் ஏறி இறங்கியது. 'பெத்த வயிறு எரியுதே' என்று வருஷம் முழுக்க அழுதவர், வயிற்றில் நிஜமாகவே நெருப்பு இருந்தபோது அழவில்லை. கண்ணை மூடி, விளக்கு மலையேறும்வரை அசையாமல் கிடந்தார். நான்தான் தேம்பினேன்.

அப்புறம் வரிசை. நகரவே இல்லை, நெரிசலில் மிதிபட்டு அத்தையின் கால் வேறு வீங்கிவிட்டது. சன்னதியில் நின்றது சில நொடிதான். பூவுக்குள்ளிருந்து அந்த முகம்! ஏன் எடுத்துக்கொண்டாய் என்று கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். பக்கத்தில் அத்தை, "நீயும் பட்டினியாத்தான் இருக்கியா ஆத்தா?" என்றார், வீட்டு ஆளிடம் விசாரிப்பது போல. அவளுக்குப் பூவாகக் கொட்டும் பூச்சொரிதல் விழா தொடங்கி 28 நாளும் அவளுக்கே விரதம், சமைத்த தளிகை கிடையாது. துள்ளு மாவு, பானகம், நீர்மோர், இளநீர் இவ்வளவுதான். நமக்காக வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உட்கார்ந்திருக்கிறவளிடம் என்ன சண்டை போடுவது? கேள்வி தொண்டையோடு நின்றுபோனது. "நகருங்க, நகருங்க" என்று தள்ளிவிட்டார்கள்.

வெளியே நீர்மோர்ப் பந்தலில் அத்தை இரண்டு டம்ளர் குடித்தார். "பசிக்குதுடி" என்று மாவிளக்கு மாவைப் பிட்டுத் தின்றார். அரை இட்லிக்கு மேல் இறங்காத மனுஷி! தாயே, என் கோபத்தையும் காணிக்கையாக வாங்கிக்கொண்டாயே, உனக்கு எப்படி நன்றி சொல்வேன்.

நாளைக்கு என்று எதையுமே பேசாமல் இருந்தவர், சித்திரைத் தேருக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்கிறார் இப்போது. கூட்டம் இதைவிட மோசமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், போகத்தான் போகிறோம். ஓம் சக்தி!