முதலில், நகருமா?

பதினோராம் வகுப்பில் இயக்க விதிகள் பாடம் வந்துவிட்டால் கப்பிக் கணக்குகளும் வந்துவிடும். வழுவழுப்பான மேசை என்றால் பிள்ளைகள் மளமளவென்று போட்டுவிடுவார்கள். உராய்வு சேர்ந்ததும் தடுமாற்றம் ஆரம்பிக்கும். கணிதம் தெரியாமல் இல்லை. பொருள் நகருமா நகராதா என்று பார்க்காமலே சூத்திரத்தில் இறங்கிவிடுகிறார்கள்.

நான் வழக்கமாகப் பலகையில் போடும் கணக்கு இது. மேசைமேல் 4 கிலோ கட்டை. அதில் கட்டிய கயிறு கப்பி வழியாக இறங்குகிறது, முனையில் 1 கிலோ எடை. அசையாத கட்டையை உராய்வு எவ்வளவு வரை பிடித்து வைக்கும் என்பதைச் சொல்லும் ஓய்வுநிலை உராய்வுக் குணகம் 0.4, நகரும்போது இருக்கும் உராய்வைச் சொல்லும் இயக்க உராய்வுக் குணகம் 0.3. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்துக்கொள்வோம். இழுப்பது 10 நியூட்டன், உராய்வு கட்டையின் எடை 40 நியூட்டனில் 0.3 மடங்கு, அதாவது 12, மொத்த நிறை 5, ஆக முடுக்கம் மைனஸ் 0.4 என்று பலர் எழுதுவார்கள். மைனஸைப் பார்த்து மிரண்டு அதை அழிக்கப் போகிறவர்களும் உண்டு. அழிக்க விடமாட்டேன். சும்மா கிடந்த கட்டையை மேசை பின்னால் தள்ளுமா? தொங்கும் எடை தானாக மேலே ஏறுமா? அந்த மைனஸ் சொல்வது அதைத்தான். அப்புறம்தான் வகுப்பு யோசிக்கத் தொடங்கும்.

ஓய்வுநிலை உராய்வு 40இல் 0.4 மடங்கு, அதாவது 16 நியூட்டன் வரை தாக்குப்பிடிக்கும். ஆனால் இழுப்பது 10 என்றால் அதுவும் 10தான். 16 என்பது அதன் எல்லை, எப்போதும் இருக்கும் அளவு அல்ல. கட்டை அசையாது, கயிற்றின் இழுவிசையும் 10.

சரி, தொங்குவதை 2 கிலோ ஆக்குவோம். 20 நியூட்டன் எல்லையைத் தாண்டிவிட்டது, கட்டை நகரும். இனி இயக்க உராய்வான 12ஐப் பயன்படுத்தலாம், மொத்த நிறை 6, முடுக்கம் 1.33. இங்கே இழுவிசை 20 என்று எழுதுவார்கள். எடை முடுக்கத்தோடு இறங்குகிறதே, கயிறு அதை முழுதாகத் தாங்கினால் எப்படி முடுக்கம் வரும்? இழுவிசை 17.3தான்.

சாய்தளத்தில் இன்னொரு சிக்கல், உராய்வின் திசை. 30 டிகிரிச் சரிவில் 5 கிலோ கட்டை, கயிறு அதை மேல்நோக்கி இழுக்கிறது. கட்டையைக் கீழே இழுப்பது 25 நியூட்டன். மறுமுனையில் 1 கிலோ தொங்கினால் உராய்வு மேல்நோக்கி, 4 கிலோ தொங்கினால் கீழ்நோக்கி. இரண்டரைக் கிலோ தொங்கி, கட்டையும் அசையாமல் இருந்தால் உராய்வே இல்லை. உராய்வை மனதால் எடுத்துவிட்டு, கட்டை எந்தப் பக்கம் வழுக்கும் என்று பார்த்தால் போதும்.

ஒரே ஒரு குணகத்தைக் கொடுத்து முடுக்கத்தை மட்டும் கேட்கும் வினாக்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அவை நகரும் என்று முன்பே சொல்லிவிடுகின்றன. நான் வைக்கும் தேர்வில், நகருமா என்று சோதித்து எழுதும் அந்த ஒரு வரிக்குத் தனி மதிப்பெண் உண்டு.