அந்தக் கருப்புத் திட்டு

"ஏதாவது தெரியுதா மேடம்?" என்று அவர் கேட்டபோது நான் பேசாமல் இருந்திருக்க வேண்டும். தசை வலி அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிகிறதா என்று பார்க்கும் ஆய்வின் விதி அதுதான். எதிரில் உட்கார்ந்திருப்பவர் வலி உள்ள பிரிவா, இல்லாத பிரிவா என்பது ஸ்கேன் எடுக்கிறவருக்குத் தெரியக்கூடாது. திரையில் கண்டதைச் சொல்லவும் கூடாது. ஆனால் தோளில் ஜெல் தடவும்போதே அவர் சொல்லிவிட்டார்: எட்டு வருஷ வலி, எம்.ஆர்.ஐ. வரை எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். "மனசுலதான் வலின்னு வீட்ல சொல்றாங்க."

அதைக் கேட்ட பிறகு என் கண் பார்க்கவில்லை, தேடியது. கழுத்திலிருந்து தோளுக்கு வரும் ட்ரபீசியஸ் தசையின் மேல்பகுதியில், அவர் விரல் வைத்துக் காட்டிய இடத்துக்கு நேர் கீழே, நீள்வட்டமாக ஒரு கருப்புத் திட்டு. ட்ரிகர் பாயிண்ட், அதாவது தொட்டால் வலிக்கும் தசை முடிச்சு என்று ஆய்வுக் கட்டுரைகளில் காட்டுவார்களே, அதே தோற்றம். "இதோ பாருங்கம்மா, இந்த இடம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கு" என்றேன்.

அழுதுவிட்டார். போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார். "இனி யாரும் பொய்னு சொல்ல முடியாதுல்ல?"

அதன் பிறகுதான் தோளில் வைத்திருந்த ஸ்கேன் கருவியை, ப்ரோபை, சற்றே சாய்த்தேன். திட்டு மங்கியது. இன்னும் சாய்த்தேன், சுற்றியிருந்த தசை நாரோடு கலந்தே போனது. ஒலி அலை நாரின் மீது செங்குத்தாக விழாவிட்டால் நல்ல தசையும் கருப்பாகத்தான் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லித்தருகிற பாடம் இது. தசையின் விறைப்பைக் காட்டும் எலாஸ்டோகிராபி ஸ்கேனும் உதவவில்லை. ப்ரோபை அழுத்தினாலே தசை விறைப்பாகக் காட்டும். அன்று என் கை அழுத்தியிருந்ததா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நோய் என்று நான் சொல்லவில்லையே, "வேற மாதிரி" என்றுதானே சொன்னேன் என்று பல நாள் சமாதானம் செய்துகொண்டேன். அந்தச் சமாதானம் நிற்கவில்லை. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. வலி இல்லாமலே படத்தில் கோளாறு தெரியலாம் என்றால், படம் சுத்தமாக இருக்கும்போதும் வலி இருக்கலாம். "உங்க வலி நிஜம்தாம்மா, அதுக்குப் படம் தேவையில்ல" என்பதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. ஆனால் எட்டு வருஷமாக "நார்மல்" என்றே கேட்டுவந்தவர் வெறும் வாய்வார்த்தையை நம்பியிருப்பாரா? அந்த ஒரு நிமிடம் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நினைத்தால், செய்தது தப்பு என்று முழுமனதோடு சொல்லவும் வரவில்லை.

படத்தின் குறிப்பில் 'கோணம் சந்தேகம்' என்று எழுதினேன். அவர் எந்தப் பிரிவு என்பது எனக்குத் தெரிந்துவிட்டதை ஆய்வுக் குழுவிடம் மறுநாள்தான் தெரிவித்தேன். அவரிடம் மட்டும் எதுவும் சொல்லவில்லை. ஒரு கையால் ஜெல்லைத் துடைத்துக்கொண்டே, இன்னொரு கையில் இருந்த போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.