கூலண்ட் எங்க போச்சுதெண்டு பிடிச்சாச்சு

மூண்டு கிழமையா எங்கட பழைய ஜீப்புக்கு கூலண்ட் (எஞ்சின் சூட்ட ஆத்திற திரவம்) விட்டு விட்டே அலுத்துப் போச்சு, டாங்கில மேல் கோடு வரைக்கும் விட்டா நாலு நாளில கீழ் கோட்டுக்கு வந்திடும், ஆனா நிப்பாட்டிற இடத்தில ஒரு சொட்டு ஈரமில்ல. காலி வீதி ட்ராபிக்ல வெள்ளவத்தையில இருந்து பம்பலப்பிட்டி போறதுக்குள்ள டெம்பரேச்சர் முள்ளு ஏறும், பின்னுக்கு அம்மா வேற இருப்பா, நெஞ்சு பதறும்.

ஒரு கராஜில ரேடியேட்டர மாத்தச் சொல்லிட்டாங்கள். மனம் கேக்கேல்ல. தெரிஞ்ச மெக்கானிக் பாஸ் ஒருத்தர் எஞ்சின நல்லா ஆற விட்டு, மூடியக் கழட்டி (சூட்டோட மட்டும் திறந்திடாதேங்கோ) ஒழுக்கு இருக்கோ எண்டு பாக்கிற பிரஷர் டெஸ்டர் பூட்டி 1 பார் வரைக்கும் அமுக்கம் ஏத்தினார். டெஸ்டர் முள்ளு மெல்ல மெல்ல இறங்கிச்சுது, அப்ப எங்கயோ ஒழுகுது. டோர்ச் அடிச்சுப் பாத்தா வாட்டர் பம்புக்குக் கீழ இருக்கிற சின்ன ஓட்டையடியில ரோஸ் கலர்ல உப்புப் பூத்த மாதிரிக் காஞ்சு கிடக்கு, அதுக்கு மேல ஒரு துளி மினுங்குது. உள்ளுக்குச் சீல் தேஞ்சா காட்டிக் குடுக்கத்தான் அந்த ஓட்டையே வச்சிருக்கிறாங்கள். சூட்டில பட்டு ஆவியாப் போறதாலதான் நிலத்தில ஒண்டும் விழேல்ல!

வாகன சாமான் கடையள் இருக்கிற பஞ்சிகாவத்தையில ஏறி இறங்கி புதுப் பம்ப், கேஸ்கட், ஊதிப்போன ஹோஸ் ஒண்டு எல்லாம் வாங்கி மாத்தியாச்சு. பைப் தண்ணி விடேல்ல, கூலண்டும் டிஸ்டில்ட் வோட்டரும் பாதிக்குப் பாதி.

இண்டைக்கு எட்டாவது நாள். காலமையும் பொனட்டத் திறந்து பாத்தன், மட்டம் அப்பிடியே மேல் கோட்டில நிக்குது.